நெல்லைச் சீமை வெள்ளைக்கல்லில் டோலமைட்டைப் பிரித்தறிவது எப்படி?

தாழையூத்து, இராமையன்பட்டி வட்டாரத்தில் செவல் காட்டுக்குள் வெளிக்காட்டும் வெள்ளைக்கல்லை யாரிடம் காட்டினாலும் சுண்ணாம்புக்கல் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரி. 1949-இல் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். ஆனால் இப்படிப்பட்ட ஒரு பாறைப் பட்டையிலேயே நாலு எட்டு தள்ளி உடைத்தால், கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்த டோலமைட் கிடைக்கலாம். தமிழ்நாட்டில் டோலமைட் உள்ள மாவட்டங்கள் என்று சேலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது திருநெல்வேலிதான். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல வெள்ளையாக, சீனிப் பாறை போல மினுமினுக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வேலையில் இறங்கினால் நட்டம் பெரிது. சிமெண்டில் மெக்னீசியம் ஆக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 269 என்ற இந்தியத் தரம். சூளையில் மூலக்கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடுவதால், கலவையில் 4 சதவீதம் இருந்தாலே சூளையிலிருந்து வெந்து வரும் சிமெண்ட் கட்டியான கிளிங்கரில் அது 6 ஆகிவிடும். கலவையில் 18 சதவீதம் டோலமைட் கலந்திருந்தால் போதும், வரம்பைத் தொட்டுவிடும். காளவாசலில் சுட்டாலும் இதே தொல்லைதான். சுண்ணாம்புப் பகுதி வேகும் சூட்டில் மெக்னீசியம் பகுதி அளவுக்கு மீறி வெந்து இறுகிவிடும். தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது உடனே நீறாது. சுவரில் பூசி மாதங்கள் கழித்து மெதுவாக நீறி உப்பும்போது பூச்சு பொரிப்பொரியாகத் தெறித்து விழும். சட்டமும் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறுகனிமம் என்று அறிவித்தபோது டோலமைட்டும், மண்ணுக்குள் உறையும் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான்கல்லும் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. சுண்ணாம்புக்கல் வரவில்லை.

கல்லுக்குள் என்ன இருக்கிறது

சுண்ணாம்புக்கல்லின் கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். டோலமைட்டில் ஒரு அடுக்கு கால்சியம், அடுத்த அடுக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் நடுவே கார்பனேட் என்று படிகம் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும். சுத்தமான டோலமைட்டில் கால்சியம் ஆக்சைடு 30.4, மெக்னீசியம் ஆக்சைடு 21.9, கரியமில வாயு 47.7 சதவீதம். இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் கணக்குப் போட வேண்டியிருக்கும். 1791-இல் இந்தக் கல்லைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் தியோதா த தொலொமியேவின் பெயரே கல்லுக்கு நிலைத்தது. இத்தாலியின் டோலமைட் மலைகளுக்கும் அதே பெயர்தான். அந்த மலைத்தொடரின் உச்சியான 3,343 மீட்டர் மார்மொலாடா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லால் ஆனது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயரை வைத்துக் கல்லை முடிவு செய்ய முடியாது.

டோலமைட் உருவாகும் ஒரு வழியைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடி உப்பளத்தை நினைத்தால் போதும். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். பிறகு உப்பு விளையும். உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் திரண்டு நிற்கும். கடல்நீரிலேயே கால்சியம் அணு ஒன்றுக்கு மெக்னீசியம் ஐந்து உண்டு. வற்றிய நீரில் இந்த விகிதம் இன்னும் ஏறிவிடும். பழங்காலக் கடலோர உப்பங்கழிகளில் இப்படிக் கனத்துப்போன நீர், அடியில் கிடந்த சுண்ணாம்புச் சேற்றுக்குள் இறங்கி, கால்சியத்தில் பாதியை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் மெக்னீசியத்தை உட்கார வைத்தது. இரண்டு கால்சைட் ஒரு டோலமைட்டாக மாறும்போது கன அளவு ஏறக்குறைய 13 சதவீதம் சுருங்கும். பூமிச் சூட்டில் உருமாறாத படிவப் பாறைகளில் டோலமைட் பல நேரம் பொத்தலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மெக்னீசியம் இவ்வளவு இருந்தும் இன்றைய கடலில் டோலமைட் ஏன் சாதாரணமாகப் படிவதில்லை என்பது நெடுநாள் புதிர். அமெரிக்க ஆய்வாளர் லின்டன் லேண்ட், தேவைக்கு ஆயிரம் மடங்கு மிகையாகக் கரைசலைச் செறிவாக்கி, 25 டிகிரி வெப்பத்தில் 32 ஆண்டுகள் வைத்திருந்தும் டோலமைட் படியவில்லை என்று 1998-இல் எழுதினார். 2023-இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள். வளரும் படிகத்தின் மேற்பரப்பில் கால்சியமும் மெக்னீசியமும் இடம் மாறி உட்கார்ந்து வளர்ச்சியை அடைத்துவிடுகின்றன. அந்தத் தப்பான அடுக்கு அவ்வப்போது கரைந்து போனால்தான் சரியான அடுக்கு அதன்மேல் ஏறும். ஒரே சீராக ஊறும் நீரைவிட, மழையும் அலையும் மாறி மாறிப் படும் கரைதான் இதற்கு ஏற்ற இடம்.

நம் ஊர்க் கல் ஒரு முறை வெந்த கல்

பாடநூலில் டோலமைட்டுக்கு அடையாளம் என்று சொல்லும் சாய்சதுரப் படிகம், பொத்தல், சிப்பித் தடம் எதையும் தாழையூத்து வெள்ளைக்கல்லில் தேட வேண்டாம். தென்காசி ஓரமாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் அச்சன்கோவில் வெட்டு மண்டலத்தை, அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டையைச் சுற்றியுள்ள இந்த நிலம் முழுதும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில் வெந்து மாறியது. சார்னோகைட், கார்னெட் நைஸ் என்ற பாறைகள் உண்டான அதே சூட்டில் கடலடிச் சுண்ணாம்பும் பளிங்காகிவிட்டது. சிப்பித் தடம் பார்க்க வேண்டுமென்றால் கூடங்குளம் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லுக்குப் போக வேண்டும். அது வயதில் மிக இளையது, இந்தப் பட்டைகளோடு அதற்கு உறவில்லை.

வெந்ததால் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. டோலமைட்டோடு மணல் கலந்திருந்த இடத்தில் இரண்டும் வினைபுரிந்து டையாப்சைடு என்ற பச்சை நிறச் சிலிகேட் கனிமம் உண்டானது. மணல் கொஞ்சமாக இருந்த இடத்தில் பார்ஸ்டரைட் என்ற ஒலிவின் வகைக் கனிமம் வந்தது. அதில் பின்னால் தண்ணீர் ஏறி, மஞ்சள் கலந்த பச்சையில் வழவழப்பான செர்பென்டைன் பொட்டுகளாகிவிட்டது. வெளிர்பழுப்புக் காக்காப்பொன்னும் கூடவே வரும். ஆகவே வெள்ளைக்கல்லில் பச்சைப் பொட்டு தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் டோலமைட் இருந்தது என்று கொள்ளலாம். இப்போதும் இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. பச்சைக் கனிமம் உண்டானதே டோலமைட்டைத் தின்றுதான், மிச்சமிருப்பது வெறும் கால்சைட்டாகவும் இருக்கலாம். களத்தில் அடிக்கடி தப்பாகப் படிக்கப்படும் அடையாளம் இது.

எடுத்துப் போக வேண்டியவை

ஒரு கிலோ சம்மட்டி, உளி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பேனாக்கத்தி, 30 மீட்டர் நாடா, திசைகாட்டி. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு, வாளி, மெல்லிய நைலான் நூல். 220, 400, 600 எண் வாட்டர்பேப்பர். ஹைட்ரோகுளோரிக் அமிலம், சொட்டு விடும் பிளாஸ்டிக் குப்பி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, சிந்தினால் தூவ ஒரு பொட்டலம் சமையல் சோடா.

அமிலம் சரியாக 10 சதவீதம் இருக்க வேண்டும். ஆய்வகப் பொருட்கடையில் வாங்கும் அடர் அமிலம் 35 சதவீதம் அளவில் இருக்கும். மூன்று பங்கு தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் ஒரு பங்கு அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கழிவறைக்கு விற்கும் ஆசிட்டின் வலு குப்பிக்குக் குப்பி மாறும் என்பதால் அது இந்தச் சோதனைக்கு உதவாது. வலு கூடினால் டோலமைட்டும் கால்சைட் போலப் பொங்கும், குறைந்தால் கால்சைட்டே சோர்ந்து கிடக்கும். புதுக் குப்பியை முதலில் ஒரு சிப்பி ஓட்டில் சொட்டிப் பாருங்கள். சட்டென்று பொங்க வேண்டும்.

போக ஏற்ற காலம் தை, மாசி. கார்த்திகை மழையில் கழுவின பாறை அப்போது சுத்தமாக இருக்கும், வெயிலும் தாங்கும். பட்டா நிலமானால் உரியவரிடம், சுரங்கமானால் அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். தண்ணீர் நிற்கும் பழைய குழியின் விளிம்பில் நின்று மாதிரி உடைக்க வேண்டாம். சுண்ணாம்புக் குழியின் விளிம்பு மேலே பாறையாகத் தெரிந்தாலும் அடியில் குடைந்திருக்கலாம்.

நடந்து பார்ப்பது

பட்டை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே நடக்க வேண்டும். பட்டையின் நீளத்துக்கு நடந்தால் ஒரே அடுக்கை நாள் முழுதும் பார்த்துவிட்டுப் பட்டை முழுதும் அதுதான் என்று எழுத நேரும். நாடாவைக் குறுக்கே விரித்து மீட்டருக்கு ஒரு இடமும், நிறமோ மணியின் பருமனோ மாறுகிற இடத்தில் கூடுதலாக ஒன்றும் பாருங்கள்.

உடைக்குமுன் மேற்பரப்பைக் கையால் தடவுங்கள். மழைநீரில் கால்சைட் வேகமாகவும் டோலமைட் மெதுவாகவும் கரையும். இரண்டும் அடுக்கடுக்காக வரும் இடத்தில் டோலமைட் வரி விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு மேடாக நிற்கும், கால்சைட் பள்ளமாக இருக்கும். தனி டோலமைட் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம் விழுந்து யானைத் தோல் போலவும் தெரியலாம், நெடுங்காலம் காய்ந்த இடத்தில் சீனி போல மணிமணியாக உதிரவும் செய்யும். மேட்டுவரி பச்சையாக இருந்தால் அது டையாப்சைடு. கத்திக்கு அது மசியாது, டோலமைட் மசியும்.

அமிலச் சோதனை

அமிலத்தை நம்புவதைவிட அதைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் கடினம். வழி இது: சம்மட்டியால் உடைத்துப் புது முகம் எடுங்கள். நிழலில் வையுங்கள். ஒரு சொட்டு விட்டு, லென்ஸை ஒட்டிப் பிடித்துப் பத்து வரை எண்ணுங்கள். கால்சைட் ஆனால் கோலி சோடா உடைத்தது போல உடனே சீறும், சொட்டு முழுதும் நுரையாகும். டோலமைட்டில் சொட்டு கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். மூன்று நான்கு நொடி கழித்து லென்ஸில் மட்டும் தெரிகிற ஊசிமுனைக் குமிழிகள் கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழும். பிறகு பக்கத்திலேயே கத்தியால் கீறி, ஒரு சிட்டிகைப் பொடி சேர்த்து, அதன்மேல் சொட்டு விடுங்கள். இப்போது டோலமைட்டும் நுரைக்கும். கட்டியில் அடங்கியும் பொடியில் பொங்கியும் வந்தால் அது டோலமைட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. கலப்புக் கல்லில் குமிழி எல்லா இடத்திலும் வராது. சில மணிகள் சீற, பக்கத்து மணி சும்மா இருக்கும். எந்த மணி சீறுகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஆடிக் காற்றில் பொடி நிற்காது, அப்போது உள்ளங்கைக் குழி அளவு சிப்பியிலோ மூடியிலோ பொடியைத் தட்டிப் பார்க்கலாம்.

ஏமாறும் இடங்கள் நம் ஊரில் நாலு உண்டு. முதலாவது சுக்கான். கரிசலும் செவலும் மூடிய பாறை எல்லாவற்றின் மேலும் மெல்லிய சுக்கான் தோல் படர்ந்திருக்கும். அதில் சொட்டினால் கருங்கல்கூடச் சீறும். விரிசலுக்குள்ளும் அது இறங்கியிருக்கும் என்பதால் விரிசல் ஓரமாக உடைந்த முகம் ஆகாது. இரண்டாவது வெயில். சித்திரை மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும் டோலமைட்டில் சொட்டினால் கால்சைட் போலவே நுரைக்கும். சூடு வினையை விரைவாக்கிவிடும். உடைத்த துண்டைத் தண்ணீரில் போட்டு ஆற்றித் துடைத்தபின் சோதியுங்கள். மூன்றாவது வொல்லாஸ்டோனைட். மணல் கலந்த சுண்ணாம்புக்கல் வெந்தபோது உண்டான வெள்ளை நார்க்கனிமம் அது. அமிலத்தில் நுரைக்காததால் டோலமைட் என்று பலர் குறித்துவிடுகிறார்கள். பொடி செய்தாலும் அது நுரைக்காது, கத்திக்கும் எளிதில் மசியாது. குவார்ட்ஸ் எனும் வெங்கச்சங்கல்லும் அப்படித்தான், கத்தியையே தேய்த்துவிடும். நாலாவது முடிவுக்கு அவசரப்படுவது. ஒரு துண்டின் சோதனை அந்த ஒரு துண்டுக்கு மட்டுமே.

எடையால் பிரிப்பது

கால்சைட்டின் அடர்த்தி 2.71, டோலமைட்டுடையது 2.85. இந்தச் சிறிய வேறுபாட்டைச் சமையல் தராசே காட்டிக்கொடுக்கும். 400 முதல் 600 கிராம் வரையுள்ள, விரிசலில்லாத, தோல் சீவிய துண்டாக எடுத்துப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து எடை பாருங்கள். அடுத்து, பாதியளவு தண்ணீர் உள்ள சிறிய வாளியைத் தராசின் மேல் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

500 கிராம் கால்சைட் 184 அல்லது 185 காட்டும், 500 கிராம் டோலமைட் 175. இடையில் ஒன்பது கிராம் இருக்கிறது, தராசு ஒரு கிராம் தவறினாலும் தாங்கும். 100 கிராம் துண்டில் இந்த இடைவெளி இரண்டு கிராம்கூடத் தேறாது, அதனால்தான் பெரிய துண்டு வேண்டும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கன அளவு கூடி அடர்த்தி குறையும், விரலால் தடவி விடுங்கள். அடியில் பட்டால் எண் தாறுமாறாக ஏறும்.

இதிலும் பச்சைக் கனிமம்தான் எதிரி. டையாப்சைடின் அடர்த்தி 3.3. கால்சைட் பளிங்கில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு டையாப்சைடு இருந்தால் மொத்த அடர்த்தி 2.83 வந்துவிடும், பார்ப்பவர் டோலமைட் என்று எழுதிவிடுவார். லென்ஸில் பச்சை மணி நிறையத் தெரியும் துண்டுக்கு இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

சாயம் ஏற்றிப் பார்ப்பது

எல்லாவற்றிலும் தெளிவானது இது. அலிசாரின் ரெட் எஸ் என்ற சாயப்பொடி ஆய்வகக் கடைகளில் கிடைக்கும். 998 மில்லிலிட்டர் தண்ணீரில் 2 மில்லிலிட்டர் அடர் அமிலம் விட்டு, அதில் ஒரு கிராம் சாயத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். நூறு மில்லிலிட்டருக்குப் பத்தில் ஒரு கிராம் என்பது வழக்கமான அளவு. அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது, ஒரு லிட்டராகச் செய்வதே சரி.

கல்லை அறுத்து அல்லது தட்டையாக உடைத்து, 220-இல் தொடங்கி 600 வரை தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தேய்த்த முகத்தை 10 சதவீத அமிலத்தில் ஐந்து நொடி காட்டிக் கழுவுங்கள். பிறகு சாயக் கரைசலில் முகம் மேலாக மூன்று நிமிடம் வைத்து, குழாயடியில் பிடிக்காமல் மெதுவாக நீர் ஊற்றி அலசி, தொடாமல் காயவிடுங்கள். கால்சைட் மணிகள் செக்கச்செவேல் என்று ஏறும், டோலமைட் மணிகள் வெள்ளையாகவே நிற்கும். விரலால் துடைத்தால் சிவப்பு போய்விடும், அது மேலே படிந்த மெல்லிய படலம்தான்.

காய்ந்த முகத்தை லென்ஸில் நிதானமாகப் பாருங்கள். சில சிவப்பு மணிக்குள்ளேயே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் ஒரே சாய்வில் ஓடுவது தெரியலாம். மிகுந்த சூட்டில் கால்சைட் தனக்குள் மெக்னீசியத்தை அதிகம் ஏற்றுக்கொள்ளும். ஆறும்போது தாங்க முடியாமல் வெளியே தள்ளுகிறது, தள்ளியது டோலமைட் இழையாக உள்ளேயே உறைந்துவிடுகிறது. எவ்வளவு தள்ளியது என்பதை நுண்கருவியில் அளந்து, கல் வெந்த வெப்பத்தையே கணிக்கிறார்கள். இப்படி இழையோடிய மணியைக் கால்சைட் என்றே கணக்கில் எழுதுங்கள்.

சாயக் கரைசல் மஞ்சளாக இருக்கும் வரை நல்லது. ஊதா கலந்த சிவப்பாகத் திரும்பினால் அமிலம் கல்லோடு வினையாடித் தீர்ந்துவிட்டது என்று பொருள், சாயம் எதன்மேலும் ஒழுங்காக ஏறாது. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பயன்படுத்தி, கல் மாறும்போது கரைசலையும் மாற்றுங்கள். முகம் முழுதும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தேய்ப்பு போதாமல் சாயம் பள்ளங்களில் தங்கியிருக்கிறது, மீண்டும் 400-இலிருந்து தேய்க்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி

கையளவுத் துண்டை அனுப்பி வரும் முடிவு பட்டைக்குப் பொருந்தாது. பட்டைக்குக் குறுக்கே 5 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உளியால் காடி வெட்டி, மீட்டருக்கு ஒரு மாதிரியாகத் தனித்தனியே சேருங்கள். மீட்டருக்கு 4 கிலோ அளவு வரும். எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு உடைத்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுத்து மீண்டும் குவித்துப் பிரித்து, ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். சுக்கான் தோலை முன்னாலேயே சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் கால்சியம் எண் பொய்யாக ஏறும்.

அறிக்கையில் கால்சியம் ஆக்சைடு, மெக்னீசியம் ஆக்சைடு, சுட்ட எடையிழப்பு மூன்றையும் கேளுங்கள். மெக்னீசியம் ஆக்சைடை 4.57-ஆல் பெருக்கினால் டோலமைட் சதவீதம். மெக்னீசியம் ஆக்சைடை 1.39-ஆல் பெருக்கிக் கால்சியம் ஆக்சைடிலிருந்து கழித்து, மிச்சத்தை 1.785-ஆல் பெருக்கினால் கால்சைட் சதவீதம். கால்சியம் ஆக்சைடு 38, மெக்னீசியம் ஆக்சைடு 12 என்று வந்தால் டோலமைட் 55, கால்சைட் 38, மீதி 7 சிலிகேட்டும் பிறவும். பாதிக்கு மேல் டோலமைட் இருப்பதால் இதை டோலமைட் என்றே அழைக்கலாம். மெக்னீசியம் ஆக்சைடு 11 தாண்டினால் பெயர் மாறுகிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

கணக்கு சரியா என்று எடையிழப்பைக் கொண்டு பாருங்கள். டோலமைட் சதவீதத்தை 0.477-ஆலும் கால்சைட் சதவீதத்தை 0.44-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மேலே சொன்ன கல்லுக்கு 43 வர வேண்டும். அறிக்கையில் 36, 37 என்று இருந்தால் மெக்னீசியத்தில் ஒரு பகுதி டோலமைட்டில் இல்லை, டையாப்சைடிலோ பார்ஸ்டரைட்டிலோ அடைபட்டிருக்கிறது. கல்லை முழுதும் உருக்கிக் கரைத்துச் சோதிக்கும் ஆய்வகங்களில் இப்படி வரும். அப்போது குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கரையும் பகுதிக்கு மட்டும் மெக்னீசியம் எண் தரச் சொல்லிக் கேட்டு, அந்த எண்ணை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். நுண்பொடியாக அரைத்து நெடுநேரம் ஊறவைக்கச் சொல்வதும் அவசியம். அவசரமாக வடிகட்டினால் டோலமைட்டே பாதி கரையாமல் வடிதாளில் தங்கிவிடும்.